அது திமிர் அல்ல

என் தங்கை தரம் 7இல் படிக்கிறாள். ஒன்பது வயதில் அவளுக்கு முதலாம் வகை நீரிழிவு வந்தது. "டொபி தின்டுதான் சீனி வருத்தம் வந்திருக்கும்" என்றார்கள், பார்க்க வந்தவர்கள். அது தவறு. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே, சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் வரும் நோய் இது.

சென்ற வருடம் ஒருநாள், கணித பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் விழித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் ஏசியதும் கொப்பியை வீசி எறிந்தாள். "திமிர்" என்று வீட்டுக்கு அழைப்பு வந்தது. உம்மா ஓடிப்போய் விரலில் குத்திப் பார்த்தபோது குளுக்கோஸ் 54. 70க்குக் கீழே இறங்குவதே ஆபத்து. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரத்தில் தெளிந்தவள், "நான் என்ன செஞ்ச?" என்று கேட்டு அழுதாள்.

நம் உடல் நிறையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே செலவிடுகிறது. அதன் பிரதான எரிபொருள் குளுக்கோஸ். அது குறைந்தால் யோசனை தடுமாறும்; கோபமும் அழுகையும் வரும். கூடினாலும் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு. கடுமையான தாழ்வு அடிக்கடி வந்தாலோ, நீண்ட காலம் கூடியே இருந்தாலோ, வளரும் மூளையின் ஞாபகமும் கவனமும் ஓரளவு பாதிக்கப்படலாம். சிறு வயதிலேயே நோய் வந்த பிள்ளைகளுக்கு இந்த அபாயம் அதிகம். நன்றாகக் கவனித்தால் மற்றவர்களைப் போலவே படிக்கலாம்.

டீச்சரில் நான் குற்றம் காணவில்லை. அவருக்கு நோயைப் பற்றி நாங்கள் சொல்லியிருக்கவே இல்லை. "பொம்புளப் புள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கலியாணம் பேசி வருவா?" என்று உம்மும்மா தடுத்தார். வீட்டில் அவள் எரிந்து விழுந்த நாட்களில் நானும் "ஆங்காரம் புடிச்சவள்" என்று ஏசியிருக்கிறேன். மீற்றரை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

1922இல் கனடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகள் நீண்ட நாள் வாழவில்லை. இன்று மருந்து இருக்கிறது. மறைப்பதால்தான் நாம் அவர்களை ஆபத்தில் தள்ளுகிறோம்.

பெற்றோரே, வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வகுப்பிலேயே சீனி பார்க்கவும் இனிப்புச் சாப்பிடவும் பிள்ளைக்கு அனுமதி வேண்டும். தோழியரே, சீனி குறைந்தவளைத் தனியே எங்கும் அனுப்பாதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊட்டாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லச் செய்யுங்கள்.

இப்போது அதே டீச்சரின் லாச்சியில் ஒரு குளுக்கோஸ் பெட்டி இருக்கிறது. தங்கை முகம் வாடினால், ஏசுவதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்: "சீனி பார்த்தீங்களா மகள்?"