தோம்பில் ஏறாத வீடுகள்

சிற்பம் என்றதும் கல்லும் உளியுமே நம் நினைவில் எழுகின்றன. கல்லைத் தொடாமல், ஊரார் கையிலிருந்து பெற்ற சிறு பொருள்களையும் சொற்களையும் கொண்டே படைப்பை அமைத்துக் காட்டியவர் நம் யாழ்ப்பாணத்தில் உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவரான ஓவியர் தா. சனாதனனையே குறிப்பிடுகின்றோம்.

1981இல் எரியுண்டு பின்னர் புதுப்பிக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004ஆம் ஆண்டு, வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களை வைத்து அவர் ஒரு படைப்பை அமைத்தார். 2010இல் கனடாவின் வான்கூவர் நகரத்து மானிடவியல் அருங்காட்சியகத்திலும் அவர் படைப்பொன்று இடம்பெற்றது. தத்தம் வீட்டை நினைவூட்டுவதாகத் தமிழர் கொடுத்த பொருள்கள் அங்கே கண்ணாடிப் போத்தல்களில் அடங்கியிருந்தன.

இவற்றினும் நம்மை அதிகம் கவர்வது 2011இல் வெளிவந்த ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்னும் நூலாகும். முற்றுப்பெறாத தோம்பு என்பது பொருள். தோம்பு என்பது போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் எழுதப்பெற்ற காணிப் பதிவேடு. வரி அறவிடுவதற்கு இன்ன காணி இன்னாருக்கு உரியது என்று அறிந்தால் போதுமல்லவா? வாழ்ந்தவர் கதை அதற்கு வேண்டியதில்லை. சனாதனனோ இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையச் செய்தார். அவர்கள் வரைந்ததும், கட்டடக் கலைஞர் அதனை அளவுபடத் திருத்தி வரைந்ததும், சனாதனனின் சொந்த ஓவியமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. கட்டடக் கலைஞரின் கோடுகள் நேர்த்தியானவைதாம். ஆயினும் நம் கண் நடுங்கிய கோட்டுக்கே திரும்பித் திரும்பிப் போகின்றது.

நம் சாவகச்சேரிக்கு இஃது அயல் விடயமன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, இங்குள்ள விறாந்தைகளில் அயலூர்க் குடும்பங்கள் அடுப்பு மூட்டின. 2000ஆம் ஆண்டுப் போரில் அவ்விறாந்தைகளும் இடிந்தன. புகலிடம் தந்தவர்களே புகலிடம் தேடிப் போயினர். அத்தகைய வீடொன்றை வரைவதற்கு உரியவர் யார்? உறுதி வைத்திருந்தவரா, ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்தவரா? பழைய தோம்பு முன்னவரை மட்டுமே அறியும். இப்புதிய தோம்பில் இருவருக்கும் இடமுண்டு என்பது நம் துணிபு.

2016ஆம் ஆண்டுக் கொச்சி ஈராண்டுக் கலைவிழாவில் அவர் நூலக அட்டவணைப் பெட்டி போன்ற மரப்பேழையொன்றை வைத்தார். இழுப்பறையைத் திறந்து அட்டைகளை வாசித்தால், மக்கள் போர்க்காலத்தைத் தாங்கி வாழ்ந்த கதைகள் கிடைக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கோ அது வெறும் மரப்பெட்டிதான்.

மாணவர்களே, இன்று பிற்பகல் உங்கள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ தாளும் பென்சிலும் கொடுத்து, அவர் பிறந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். அடிமட்டம் கொடுக்க வேண்டா. சங்கடப்படலை, தலைவாசல், குசினி, கோடி என்று அவர் வாயில் வரும் சொற்களை அவ்வவ்விடத்தில் அப்படியே எழுதுங்கள். கிணற்றில் துலா இருந்ததா, அதனை மிதித்தவர் யார் என்று கேட்கவும் மறவாதீர்கள்.