படிக்கத் தெரியாததை அழிக்கலாமா?

சிற்றிதழ்களின் பழைய தொகுதிகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், "எல்லாம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது" என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். பத்திரம் என்ற சொல்லை நாம் இப்போதெல்லாம் சற்று அச்சத்தோடுதான் கேட்கிறோம். வேறெங்கும் கிடைக்காத இதழ்களின் ஸ்கேன் படிகள், மறைந்த எழுத்தாளர் ஒருவரின் கடிதங்கள், மணிக்கணக்கான நேர்காணல் ஒலிப்பதிவுகள் என அனைத்தும் கையகலப் பெட்டி ஒன்றுக்குள் கிடக்கின்றன. ஒருநாள் செருகினால் விளக்கு எரிகிறது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை. அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் நடப்பது பற்றித்தான் நம் மனத்தாங்கல். நோயால் சாகும் வன்தட்டுகளைவிட வைத்தியத்தால் சாகும் வன்தட்டுகளே நம் வட்டத்தில் மிகுதி என்பது நம் கணிப்பு.

முதல் விஷத்தைக் கொடுப்பது விண்டோஸ். தட்டிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்க இயலாதபோது, பயன்படுத்துமுன் இதை ஃபார்மட் செய்தாக வேண்டும், செய்யலாமா என்று அது கேட்கிறது. இவ்வளவு பணிவாகக் கேட்கப்படும் இவ்வளவு கொடிய கேள்வி வேறொன்று உண்டா தெரியவில்லை. 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அழித்துவிடலாமா' என்கிறது. விரைவு ஃபார்மட் என்றால் பொருளடக்கம் மட்டும் புதிதாக எழுதப்படும். சுழலும் தட்டாயின் உள்ளிருப்பதில் பெரும்பகுதியை மீட்க வழியுண்டு. முழு ஃபார்மட் என்றால், விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு, தட்டு முழுவதும் சுழியங்களால் நிரப்பப்படுகிறது. அதன்பின் மீட்க ஒன்றுமில்லை.

படிக்கத் தெரியாமைக்குத் தட்டு பழுதாகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. இதழ் வடிவமைப்பாளர்களில் மேக் கணினியில் வேலை செய்பவர்கள் உண்டு. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ், எச்எஃப்எஸ் பிளஸ் முறைகளில் அமைந்த தட்டை நம் வீட்டு விண்டோஸ் கணினி அறியாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 தட்டுக்கும் அதே கதி. தட்டு முழு நலத்தோடு இருக்கும். கேள்வி மட்டும் வந்து நிற்கும். வட்டெழுத்துத் தெரியாதவர் கல்வெட்டின் முன் நின்று, கல்லைச் செதுக்கிச் சமப்படுத்திவிடலாமா என்று கேட்பதற்கு ஒப்பானது இது. தட்டு எந்தக் கணினியில் பிறந்ததோ அதிலேயே ஒருமுறை செருகிப் பார்ப்பது எத்தனையோ துயரங்களைத் தவிர்க்கும்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது வடம். 2.5 அங்குலத் தட்டுகள் மின்சாரத்தையும் யூஎஸ்பி வழியாகவே பெறுகின்றன. யூஎஸ்பி 2.0 துளையின் வரையறை 500 மில்லி ஆம்பியர்; 3.0 எனில் 900. சுட்டியும் விசைப்பலகையும் அச்சுப்பொறியும் தொங்கும் ஒரு ஹப்பில் இதையும் செருகினால் விளக்கெரிய மின்சாரம் போதும், மோட்டார் சுழலப் போதாது. மேசைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். வடத்தையும் மாற்றிப் பாருங்கள். மின்னேற்றம் மட்டும் செய்யும், தரவைக் கடத்தாத வடங்களும் வீடுகளில் கலந்து கிடக்கின்றன. 3.5 அங்குலப் பெரிய தட்டுக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உண்டு. முனை பொருந்துகிறதே என்று மோடத்தின் அடாப்டரைக் கொண்டுவந்து செருகும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

அடுத்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்தால் உண்மை ஓரளவு விளங்கும். தட்டு அங்கே நலமாகத் தெரிந்து, அதற்கு எழுத்து மட்டும் இல்லையென்றால் ஓர் எழுத்தை ஒதுக்கினால் போதும். 'ரா' என்றோ 'இனிஷியலைஸ் செய்யப்படவில்லை' என்றோ காட்டினால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். 'செக்டிஸ்க்' கட்டளையை ஓட்டுங்கள் என்று அறிவுரை சொல்வோர் நிறைய. பழுதுநீக்கும் விதமாக ஓட்டினால் அது தட்டின் மீதே எழுதுகிறது. நலிந்த தட்டில் அது ஆபத்து. படியெடுத்த பிறகுதான் பழுதுபார்த்தல் என்ற வரிசை மாறக் கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் வேறொரு தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்புகிறது. செல்லரித்த ஏட்டை எடுத்தவுடன் பிரித்துவிடாத பதிப்பாசிரியரின் பொறுமை அதற்கு உண்டு. டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளை அந்த நகலின் மேல்தான் ஓட்ட வேண்டும்.

டிக் டிக் என்ற ஒலி சீராக வந்தால் இவை எதுவும் வேண்டாம். வாசிப்புத் தலை தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமயிர் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமன். தலை பழுதான பின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பரப்பைச் சுரண்டக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்தைத் தேடுவதே வழி. உறைபெட்டிக்குள் வைத்தால் பிழைக்கும் என்ற பழைய கைவைத்தியம் இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான்.

இவ்வளவும் தட்டு ஒன்றே ஒன்றாக இருப்பதால் வரும் தொல்லைகள். அது ஏன் ஒன்றாக இருக்கிறது என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பணமில்லை என்பது பாதிக் காரணம். 'என்னிடம் மட்டும் இருக்கிறது' என்ற பெருமிதம் மறுபாதி. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ணீரோடு எழுதுகிறவர்களே, தம்மிடமுள்ள அரிய இதழின் ஒரே படியை மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து வைத்தது. அப்படி இறக்கப்பட்ட ஒவ்வொரு படியும் ஒரு காப்புப் படி. தனிச் சேகரிப்பாளர்கள் இதைப் பின்பற்ற ஏன் தயங்க வேண்டும்? உரிமைச் சிக்கல் உள்ளவற்றை வெளியிட வேண்டாம். நம்பிக்கையான இருவரிடம், வேறு வேறு ஊர்களில், ஒவ்வொரு நகல் கொடுத்துவைப்பதில் என்ன குறைந்துவிடும்?

தட்டைக் கணினி அறிந்துகொண்ட பிறகும் ஒரு கண்டம் காத்திருக்கிறது. உள்ளே இருப்பது பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கும். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல். இன்டிசைன் அக்கோப்புகளைத் திறந்தது சிஎஸ்6 பதிப்பு வரைதான். எழுத்துருவோ பாமினியாக இருக்கும், அல்லது அச்சகத்துக்கென்றே செய்த, பெயர் மறந்துபோன வேறொன்றாக இருக்கும். கவிதை இருக்க வேண்டிய இடத்தில் ரோமன் எழுத்துக் குப்பை தெரியும். பாமினிக்கும் டிஸ்கிக்கும் ஒருங்குறி மாற்றிகள் கிடைக்கின்றன. பெயர் மறந்த எழுத்துருவுக்குக் கிடைக்காது. ஆகவே நகலெடுக்கும்போது அந்த எழுத்துருக் கோப்பையும் தேடி உடன் வையுங்கள். பழைய கணினி இன்னும் இயங்கும் அச்சகம் அருகிலிருந்தால், அங்கேயே பிடிஎஃப் ஆக்கி வாங்கிவிடுங்கள். அந்தக் கணினியையும் நாளை பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.