இன்னொரு பிராசசர் போட்டால் இரட்டை வேகம் வருமா?

ஒற்றை மாட்டு வண்டி. பாரம் அதிகம். மாடு திணறுகிறது. இன்னொரு மாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டினால் என்ன?

கட்ட முடியாது. அந்த வண்டியில் ஒரு மாடு நிற்கத்தான் இடம். இரண்டு மாடு பூட்ட வேண்டுமானால் நுகத்தடி வைத்துச் செய்த வேறு வண்டி வேண்டும். கிராமத்துச் சிறுவனுக்கும் இது தெரியும்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் படித்தவர்களே ஏமாந்துபோகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது. உடனே, "இன்னொரு பிராசசர் வாங்கிப் போடலாமா?" என்று கடையில் கேட்கிறார்கள். சில கடைக்காரர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். சிலர், "அதற்கென்ன, இரண்டு பிராசசர் உள்ள பழைய பெட்டி இருக்கிறது. இரட்டை வேகம்!" என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். பெண்ணின் படிப்புக்கும் பையனின் படிப்புக்கும் சேர்த்து வைத்த பணம் அப்படிப் போவது சரியல்ல.

பிராசசர் என்பது என்ன? கணக்குப் போடும் சில்லு. கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்வார்கள். மதர்போர்டு என்ற பெரிய பலகையில், சாக்கெட் என்ற சதுரமான இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரின் பலகையில் இந்த இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது சாக்கெட் இல்லாத பலகையில் இரண்டாவது பிராசசரைப் பொருத்த எந்த மெக்கானிக்காலும் முடியாது.

இரண்டு சாக்கெட் உள்ள பலகைகள் உண்டு. 'வொர்க்ஸ்டேஷன்' என்று பெயர். பெரிய கம்பெனிகளுக்காகச் செய்தவை. அங்கே வேலை முடிந்து கழித்துக் கட்டப்பட்டபின் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. ஒரு பிராசசர் மட்டும் இருக்கும். மற்ற இடம் காலியாக இருக்கும். அதைப் பார்த்ததும்தான் ஆசை வருகிறது.

பழைய ஆசை

இந்த ஆசை நேற்று வந்ததல்ல. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோதே, பிராசசருக்குப் பக்கத்தில் ஒரு காலி சாக்கெட் வைத்திருந்தது. 8087 என்ற துணைச் சில்லுக்கு அந்த இடம். அது புள்ளிக் கணக்குகளை வேகமாகப் போடும். எஞ்சினீயர்களுக்கு மெய்யாகவே உபயோகப்பட்டது. ஆனால் அதை உபயோகிக்கத் தெரிந்த புரோகிராம்களுக்கு மட்டுந்தான். கடிதம் டைப் அடித்தவருக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை.

பத்து வருஷம் கழித்து நடந்தது பெரிய வேடிக்கை. 1991-ல் இன்டெல் கம்பெனி 486 எஸ்.எக்ஸ். என்ற பிராசசரை விற்றது. அதில் புள்ளிக் கணக்குப் போடும் பகுதி வேலை செய்யாது. அந்தக் குறையைத் தீர்க்க 487 எஸ்.எக்ஸ். என்று இன்னொரு சில்லைத் தனியாக விற்றார்கள். வாங்கியவர்கள், பழையதற்குத் துணையாகப் புதியதும் உழைக்கும் என்றுதான் நினைத்தார்கள். நடந்தது வேறு. 487 என்பது துணைச் சில்லே அல்ல. அது ஒரு முழு 486 பிராசசர். கூடுதலாக ஒரு ஊசி மட்டும் உண்டு. அதைச் செருகியவுடன் பழைய பிராசசரைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது! இரண்டுக்குக் காசு கொடுத்து ஒன்றை ஓட்டினார்கள் மக்கள். வியாபாரத் தந்திரம் என்றால் இதுவல்லவா தந்திரம்!

1999-ல் 'ஏபிட் பி.பி.6' என்று ஒரு பலகை வந்தது. விலை குறைந்த செலரான் பிராசசர்களை ஜோடியாகப் போடலாம். செலரானை ஒற்றையாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது இன்டெல் கம்பெனியின் எண்ணம். அதையும் மீறி ஜோடி சேர்த்துக் காட்டியது இந்தப் பலகை. இளைஞர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அப்போது வீடுகளில் ஓடிய விண்டோஸ் 98-க்கு இரண்டாவது பிராசசர் இருப்பதே தெரியாது. விண்டோஸ் என்.டி. அல்லது லினக்ஸ் போட்டவர்களுக்குத்தான் ஜோடியாக ஓடியது.

அந்தத் தொல்லை இன்றும் தீரவில்லை. விண்டோஸ் 'ஹோம்' வகை ஒரே ஒரு பிராசசரைத்தான் ஏற்கும். 'புரோ' வகைதான் இரண்டை ஏற்கும். இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சோறு வேக எத்தனை அடுப்பு?

சரி, எல்லாம் பொருந்திவிட்டது. வேகம் இரட்டிப்பாகுமா?

கல்யாண வீட்டுச் சமையலைப் பாருங்கள். காய் நறுக்கப் பத்துப் பேர் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு பானைச் சோறு வேகப் பத்துப் பேர் சுற்றி நின்று என்ன பயன்? அது வேகிற நேரத்தில்தான் வேகும். கம்ப்யூட்டர் வேலையிலும் பங்கு போடக்கூடிய பகுதி உண்டு. பங்கு போட முடியாத பகுதியும் உண்டு.

ஐ.பி.எம். கம்பெனியின் புகழ்பெற்ற 360 கம்ப்யூட்டர்களை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஜீன் ஆம்டால். 1967-லேயே அவர் இதை எடுத்துச் சொன்னார். அந்தக் கணக்கு மிகச் சுலபம். ஒரு வேலைக்கு 10 மணி நேரம் ஆகிறது. அதில் 5 மணி நேர வேலையைத்தான் பங்கு போடலாம். இரண்டு பிராசசர் போட்டால் அந்த 5 மணி இரண்டரை மணியாகும். மற்ற 5 மணி அப்படியே நிற்கும். மொத்தம் ஏழரை மணி. சரி, ஆயிரம் பிராசசர் போட்டால்? அப்போதும் 5 மணி நேரத்துக்குக் கீழே இறங்காது!

வீட்டில் நடக்கும் வேலைகள் எவை? பாடம் படிப்பது, கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது, பில் போடுவது, விண்ணப்பம் அனுப்புவது. இவற்றில் ஒன்றுக்காவது இரண்டாவது பிராசசர் தேவையா? இல்லவே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்று ஒரு பக்கம் உண்டு. கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் அதைத் திறந்தால், பிராசசர், ரேம், டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும். பிராசசர் 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் தத்தளித்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் அந்தப் பெட்டிக்கே புது உயிர் வரும். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம் வாங்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிராசசர் ஒன்றுக்குள்ளேயே நாலு 'கோர்' இருக்கலாம். கோர் என்றால் நாலு பேர் மாதிரி. ஒரு புரோகிராம் ஒரே ஆளை வைத்து வேலை வாங்கினால், அந்த ஒருவர் மூச்சு முட்ட உழைப்பார். மூவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கில் 25 சதவீதம் என்று காட்டும். இன்னொரு நாலு பேரைக் கொண்டுவந்தால்? ஏழு பேர் திண்ணையில் இருப்பார்கள். சதவீதம் பாதியாகக் குறையும். வேகம் அணுவளவும் ஏறாது.

யாருக்குத் தேவை?

இரண்டு பிராசசர் வீண் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் கூடாது. பொம்மைப் படத்துக்குக் காட்சிகளைச் செய்கிறவர்கள், எஞ்சினீயரிங் கணக்குகளை ராத்திரி முழுவதும் ஓட்டுகிறவர்கள், நீளமான வீடியோக்களை வேறு வடிவத்துக்கு மாற்றுகிறவர்கள் - இவர்கள் வேலையில் பெரும்பகுதியைப் பங்கு போடலாம். காய் நறுக்குகிற ஜாதியைச் சேர்ந்த வேலை அது. அவர்களுக்கு நல்ல லாபம் உண்டு.

அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. முதலில் பலகைக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். இன்டெல் ஜியான் பிராசசர்களில் இ5-1600 வரிசை ஒற்றையாகத்தான் ஓடும். இ5-2600 வரிசைதான் ஜோடி சேரும். ஜோடியில் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். சில பெட்டிகளில் பயாஸ் என்ற அடிப்படைப் புரோகிராமையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

செலவு பிராசசர் விலையோடு நிற்பதில்லை. அதற்குத் தனி விசிறி வேண்டும். மின்சார வயர் தனி. தனி ரேமும் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பலகைகளில் ஒவ்வொரு பிராசசருக்கும் அதற்கென்று ரேம் வரிசை உண்டு. ஒரு வரிசையை வெறுமையாக விட்டால், அந்தப் பிராசசர் தன் ஒவ்வொரு தேவைக்கும் மற்றதன் ரேமைத்தான் நாட வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு சமையலறை வைத்துவிட்டு, உப்புக்கும் புளிக்கும் அடுத்த அறைக்கே ஓடுகிற கதைதான். நேரம் வீணாகும்.

மின்சாரக் கட்டணத்தையும் நினைக்க வேண்டும். 2012-ல் வந்த ஜியான் இ5-2670-ஐ எடுத்துக்கொள்வோம். இதில் 8 கோர். இதன் அளவு 115 வாட். தினம் 8 மணி நேரம் முழு மூச்சாக ஓடினால் இரண்டாவது பிராசசர் மட்டும் மாதம் சுமார் 27 யூனிட் குடிக்கும். ஜோடி போட்டால் 16 கோர், 230 வாட். 2020-ல் ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 9 5950எக்ஸ் வந்தது. ஒரே சில்லில் 16 கோர்! 105 வாட்! விலை அதிகம்தான். ஆனால் ராத்திரி பகலாக ஓட்டுகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

இந்த மாறுதல் வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதே. ஒரே பிராசசரை மேலும் மேலும் வேகமாக ஓட்டத்தான் கம்பெனிகள் போட்டி போட்டன. சூடு தாங்கவில்லை. 2004-ல் இன்டெல் கம்பெனி 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. அடுத்த வருஷம் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே ஒரே சில்லுக்குள் இரண்டு கோரை வைத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விற்றன. இரண்டாவது மாடு அன்றே வண்டியில் பூட்டியாகிவிட்டது. இன்று சட்டைப் பையில் இருக்கும் போனில்கூட எட்டு கோர் இருப்பது சாதாரணம்.

பொருத்தும்போது கவனம்

தேவை உள்ளவர், எல்லாவற்றையும் யோசித்து வாங்கிவிட்டார். பொருத்தும் வேலை பெரிதல்ல. பொறுமைதான் பெரிது. பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லைக் கொன்றுவிடும். இ5 வரிசை உட்காரும் சாக்கெட்டில் மயிரிழை போன்ற 2011 ஊசிகள் உள்ளன. ஒன்று வளைந்தாலும் பலகையே போய்விடக்கூடும். விரல் படவே கூடாது. பிராசசரின் மூலையில் சிறு முக்கோணக் குறி இருக்கும்; சாக்கெட்டிலும் குறி இருக்கும். இரண்டையும் ஒத்துப் பார்த்து மெல்ல வைத்தால் தானாக உட்காரும். அழுத்தவே கூடாது. கம்பியை மடக்கிப் பூட்டியபின், பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து, அதன்மேல் விசிறிக் கட்டையை இறுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

தேவை இல்லாதவர், இரண்டாவது சாக்கெட்டைக் காலியாகவே விட்டுவிடலாம். ஒற்றைப் பிராசசரோடு அந்தப் பெட்டி பல வருஷம் நன்றாக ஓடும். சாக்கெட்டின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை மட்டும் கழற்றி எறிந்துவிடக் கூடாது. ஊசிகளின்மேல் தூசி விழாமல் காப்பது அதுதான். பின்னொரு நாள் பெட்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவர் முதலில் அந்த ஊசிகளைத்தான் பார்ப்பார்.