குப்பையில் பிறந்த சாலை

மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆலை அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-ம் ஆண்டில் அதை நிறுவினார். பெரிய கட்டிடங்கள், பட்டறைகள், ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாம் அங்கே உண்டு.

கட்டிடம் மட்டும் பெருமை ஆகிவிடுமா? உள்ளே நடக்கும் வேலைதான் பெருமை!

அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த வாசுதேவன், நாம் வீதியில் எறியும் பிளாஸ்டிக் பைகளை ஆராய்ச்சிக்கு எடுத்தார். அவர் கண்ட முறை எளிது. பையைச் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். சுமார் 160 டிகிரி சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவ வேண்டும். பிளாஸ்டிக் இளகி, கல்லின் மேல் பூச்சாகப் படியும். பிறகு தார் சேர்த்தால், கல்லும் தாரும் இறுகப் பற்றிக்கொள்ளும். மழைநீர் எளிதில் இறங்காது. சாலையில் குழி விழுவது குறையும்.

2002-ல் கல்லூரி வளாகத்திலேயே இப்படிச் சாலை போட்டார்கள். 2018-ல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால், எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. பி.வி.சி. கலந்தால் சூட்டில் நச்சுப்புகை கிளம்பும். சோறும் குழம்பும் ஒட்டிய பை, கழுவிக் காய வைக்காமல் உதவாது. ஆகவே, சாலை வேலை நம் வீட்டு அடுப்பங்கரையில் தொடங்குகிறது. தாய்மார்களும் பிள்ளைகளும் பைகளைத் தனியே சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாநகராட்சியும் பஞ்சாயத்தும் தனியே வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கொட்டினால், பிரித்தது வீண்.

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு தேர்வு எழுதும் மாணவர்களுக்கு மட்டும் திறந்தால் போதாது. கண்மாய் வறண்ட ஊரும், குப்பை குவிந்த தெருவும் அந்தக் கதவைத் தட்டும். திறந்து விடுங்கள்!