வீட்டுப் பட்டியலை முதலில் சுவரில் ஒட்டுங்கள்



2017 மே 12 ஆம் திகதி நமது நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் மலையகத்துக்குத் தரப்படும் என்றார். இரண்டையும் கூட்டினால் 14,000. லயங்களில் இருக்கும் குடும்பங்களோ அதைப்போலப் பல மடங்கு. வீடு குறைவு, கேட்போர் அதிகம். மோசடி நுழைவது இந்த இடைவெளியில்தான்.

டவுனில் சொந்த வீடு இருப்பதை மறைத்துப் பெயர் கொடுப்பது, பட்டியலில் பெயர் சேர்க்கக் காசு வாங்குவது, கட்சிக்காரர் என்பதற்காக ஒருவரை மேலே ஏற்றுவது, கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய காம்பராவையும் பிடித்துக்கொள்வது: இவையெல்லாம் மோசடி. இப்படிப் போகும் ஒவ்வொரு வீடும், ஒழுகும் தகரத்தின் கீழ் இருக்கும் இன்னொரு குடும்பத்தின் வீடு. எனவே விசாரணை வேண்டும் என்று முதலில் கேட்பவர்கள் நாமே.

ஆனால் எது மோசடி இல்லை என்பதும் தெளிவாக வேண்டும். ஒரே காம்பராவில் பெற்றோரும் மணமான இரண்டு மகன்மாரும் இருந்தால் அது மூன்று குடும்பம். மூன்று பெயர் கொடுப்பது குற்றமல்ல. கொழும்பில் கடையில் வேலை செய்வதால் வீடு பூட்டிக் கிடந்தால், அதை வைத்து மட்டும் அவரைக் கள்ளன் ஆக்க முடியாது. அடையாள அட்டையில் ஒரு எழுத்தும் பிறப்புப் பதிவில் வேறு எழுத்தும் இருப்பது எழுதியவரின் பிழை. ஓய்வு பெற்றதால் செக்ரோலில் பெயர் இல்லாத தாய், தோட்டத்துக்கு அந்நியர் அல்ல.

விசாரணை, வீட்டில் இருப்பவரோடு நிற்கக் கூடாது. பெயரை யார் சேர்த்தார், யார் வெட்டினார், எந்தத் திகதியில், யார் கையொப்பமிட்டார் என்று பட்டியல் தயாரித்தவர்களிடமும் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட குடும்பத்தின் பக்கத்தைத் தமிழில் கேட்டு எழுத வேண்டும். முடிவு வரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

நமது கோரிக்கைகள் இவை:

1. அத்திவாரம் வெட்டும் முன்பே, தகுதி விபரத்தோடு பட்டியலை ஆபீஸிலும் பிள்ளைக் காம்பராவிலும் கோயில் முன்பும் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்ல இரண்டு வாரமாவது தர வேண்டும்.

2. சமமான தேவையுள்ள குடும்பங்கள் பல இருந்தால், எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் நடத்த வேண்டும்.

3. 7 பேர்ச்சஸ் காணிக்கான உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தாமதமின்றித் தர வேண்டும். உறுதி இல்லாத இடத்தில்தான் வெறும் கடதாசியில் எழுதி வீடு கைமாறுகிறது.

பட்டியல் எப்படித் தயாரானது என்று பிரதேச செயலகத்தில் கேட்க, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு இடம் தருகிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்; இலஞ்சம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். கேட்டவுடனேயே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். கேட்டவர் நமது சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தாலும் சொல்லுங்கள். அவருக்காகச் சங்கம் பரிந்து பேசாது.