கெவினைக் காப்பாற்றியது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

டிசம்பர் வந்தால் ஏதாவது ஒரு செனலில் 'ஹோம் அலோன்' போய்க்கொண்டிருக்கும். இந்த முறை எங்கள் வீட்டிலும் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அன்றிரவு படுக்கப் போகும் முன் என் மகன் பாத்ரூம் வாசலில் தன் விளையாட்டுக் கார்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். கள்ளன் வந்தால் வழுக்கி விழட்டும் என்று. கள்ளன் வரவில்லை. சுபஹுக்கு வுழூ எடுக்க எழும்பிய எங்கட உம்மாதான் வந்தா. அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. ஆனால் மணிக்கட்டு வீங்கி இரண்டு கிழமை பன்டேஜ்.

அந்த இரண்டு கிழமையும் இந்தப் படத்தைப் பற்றி நிறைய யோசித்தேன்.

1990இல் வந்த படம். ஜோன் ஹியூஸ் எழுதி, கிறிஸ் கொலம்பஸ் இயக்கியது. கதை தெரியாதவர்கள் குறைவு. சிகாகோ பக்கத்தில் ஒரு பெரிய வீடு. நத்தாருக்குப் பாரிஸ் போகக் குடும்பமே திரண்டு நிற்கிறது. எட்டு வயது கெவினை மறந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு கள்ளர்கள் அந்த வீட்டைக் குறி வைக்கிறார்கள்.

பிள்ளையை எப்படி மறப்பார்கள் என்று கேட்கிறோம் அல்லவா? எழுதியவர் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்திருக்கிறார். பீட்ஸாவுக்கு வந்த சண்டையில் பால் கொட்டுகிறது, அதைத் துடைக்கும்போது கெவினின் டிக்கெட் குப்பைக்குள் போகிறது. இரவு காற்றில் கரண்ட் போய் எலார்ம் அடிக்கவில்லை. காலையில் தலை எண்ணும்போது வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பொடியனையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். பிளேனில் பெரியவர்கள் முதல் வகுப்பில், பிள்ளைகள் பின்னால். அந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் இரவு அத்தனை பேர் முன்னாலும் சாச்சா முறையான ஒருவர் அவனை ஏசும்போது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிக்கெட் குப்பைக்குள் போனதும் அதே இரவில்தான்.

படம் பிள்ளைகளுக்குப் பிடிப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பெரிய வீட்டின் கடைக்குட்டி. அவன் சொல்வதை யாரும் காதில் போடுவதில்லை. என் வகுப்பிலும் அப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லாரும் காணாமல் போகட்டும் என்று கெவின் ஆசைப்படுகிறான், காலையில் எழும்பினால் வீடு காலி. கட்டிலில் குதிக்கிறான், ஐஸ்கிரீம் தின்கிறான். பிறகு தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறான், உடுப்புக் கழுவுகிறான். வீட்டாரைத் தேட ஆரம்பிக்கிறான். உம்மாக்காரி பாரிஸ் எயார்போட்டில் கைக்கடிகாரம், காதுத்தோடு எல்லாம் கழற்றிக் கொடுத்து ஒரு சீட் வாங்கி, கடைசியில் யாரோ ஒரு பாட்டுக் கோஷ்டியின் வேனில் ஏறி வீடு வந்து சேர்கிறா. வந்து பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்கிறா. பெரியவர் ஒருவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியை நாம் எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்?

இனி குறைக்கு வருகிறேன். கடைசிப் பகுதி முழுக்க அடி. மேலிருந்து அயன் பெட்டி முகத்தில் விழுகிறது. தலையில் நெருப்புப் பிடிக்கிறது. பெயின்ட் டின் வந்து மூஞ்சியில் மோதுகிறது. கள்ளர்கள் எழும்பி அடுத்த அடிக்கு வருகிறார்கள். வெறுங்காலோடு கண்ணாடி உருண்டைகளை மிதித்த நடிகர் ரப்பர் பாதம் போட்டிருந்தார் என்று மகனுக்கு விளக்கினேன். "அப்ப உம்மும்மாவும் ரப்பர் போட்டா சரிதானே" என்கிறான். அடி பட்டால் சிரிப்பு வரும் என்று படம் அவனுக்குப் பாடம் எடுத்து முடித்துவிட்டது. நான் பிறகு போய்ச் சொன்னதெல்லாம் எடுபடவில்லை.

மற்றக் குறை இதை விடப் பெரிது. ஏழாம் தர வகுப்பில் கேட்டேன்: கெவினைக் காப்பாற்றியது யார்? "அவனே தான் சேர்" என்றார்கள் ஒரே குரலில். பிழை. அத்தனை பொறியும் வைத்த பிறகும் கள்ளர்கள் அவனைப் பிடித்துக் கதவில் தொங்க விடுகிறார்கள். பனி அள்ளும் சவலோடு வந்து அவர்களை அடித்து விழுத்துவது பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி. சொந்தக் குடும்பத்தையே கொன்றவர் என்று நானாக்காரன் கதை கட்டி, கெவின் கண்டாலே ஓடி ஒளிந்த அதே மனிதர். தேவாலயத்தில் பேத்தி பாடுவதைத் தூரத்திலிருந்து கேட்க வந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அவனுக்குப் பயம் போகிறது. மகனோடு பல வருடம் கோபம், போன் எடுத்தால் பேசமாட்டானோ என்று அவருக்கும் ஒரு பயம். படத்திலேயே நல்ல காட்சி அதுதான். சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கதை கட்டிய நானாவிடம் கடைசி வரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழவர் மகனோடு சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்துச் சீட் காலியாகவே போன நாட்கள் இருந்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்குப் போன பிள்ளைகளை இழந்தவர்களின் வேதனைக்கு முன்னால் என் சீட் ஒன்றுமில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிழவர் கடைக்குள் வந்ததும் பிள்ளை நடுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வருகிறது. நாம் மட்டும் திறமா? விசாரிக்காமல் வட்ஸ்அப்பில் நாம் தட்டிவிட்ட கதைகளால் எங்கட ஊரிலும் எத்தனை மார்லிகள் இருக்கிறார்கள்.

நத்தார் படத்தை ஏன் வீட்டில் போட்டீர்கள் என்று இன்பொக்ஸில் கேட்ட சகோதரருக்கு: பள்ளி இறுதியாண்டில் என்னோடு ஒரே மேசையில் இருந்த நண்பன் இன்றும் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்து வட்டிலாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். அவன் வீட்டு நத்தாரைப் பற்றி என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதில் எனக்கு விருப்பமில்லை.

நாளைக்கு மறுபடியும் பார்க்கப் போகிறோம். இந்த முறை தேவாலயக் காட்சியில் நிறுத்தி மகனிடம் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று இருக்கிறேன். கார்கள் எல்லாம் அலுமாரிக்குள். சாவி உம்மாவிடம்.