தாதுவைத் தேடும் கருவி வியாசர்பாடி மண்ணை எப்போது பார்க்கும்?

நகைக்கடையில் பழைய வளையலைக் கொடுத்தால், உருக்காமல், உரசாமல் ஒரு பெட்டிக்குள் வைத்து, சில நொடிகளில் 'இத்தனை காரட்' என்று சொல்லிவிடுவார்கள். அதே தொழில்நுட்பம் கைத்துப்பாக்கி வடிவில் கனிமத் தேடலிலும் இருக்கிறது. பெயர்: எக்ஸ்.ஆர்.எஃப்.

எப்படி வேலை செய்யுது?

பாறையில் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ்-கதிர் பாயும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து இரும்பு, தாமிரம், ஈயம் எவ்வளவு என்று திரையில் காட்டும். அடுத்து எங்கே தோண்டலாம் என்பதை புவியியலாளர் அங்கேயே முடிவு செய்யலாம்.

எங்கே சொதப்பும்?

மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். மண் ஈரமாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும். லித்தியம் போன்ற லேசான தனிமங்கள் தெரியவே தெரியாது. ஆக, இது முதல்கட்ட சோதனை மட்டுமே. இறுதி முடிவு ஆய்வகத்தில்தான்.

வடசென்னைக்கு இதில் என்ன?

2010-ல் நைஜீரியாவின் ஸம்ஃபாராவில், தங்கத் தாதுவை வீட்டு முற்றங்களிலேயே அரைத்தார்கள். அதில் ஈயமும் இருந்தது. 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். எந்த முற்றத்தில் விஷம் என்று அப்போது தேட உதவியது இதே எக்ஸ்.ஆர்.எஃப். கருவிதான்.

வியாசர்பாடியில் தாது இல்லை. ஆனால் ரயில் பாதைகள், பட்டறைகள், ஓயாத லாரிகள் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல்தான் நின்றது. வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு வந்தது 2017-ல். மண்ணில் சேர்ந்த ஈயம் தானாக மக்கிப் போகாது. கால்பந்துக்குப் பேர்போன இந்த ஏரியாவில் பிள்ளைகள் விளையாடுவது அதே மண்ணில்தான். குழந்தைகளுக்கு ஈயத்தில் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

மாசடைந்த இடங்களைக் கண்டறிய ஒன்றிய அரசு 2025-ல் விதிகளையே கொண்டுவந்துவிட்டது. கருவியின் விலை பல லட்சம்தான். ஆனால் ஓர் இடத்தைச் சோதிக்க ஓரிரு நிமிடம் போதும். மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பள்ளி மைதானங்களில் தொடங்கலாம். சந்தேகம் வரும் இடத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை வார்டு வாரியாக வெளியிடட்டும். மண் சுத்தமாக இருந்தால் பெற்றோருக்கு நிம்மதி. இல்லையென்றால், எந்த மைதானத்தை முதலில் சரிசெய்வது என்றாவது தெரியும்.